இன்னும் சத்தமா!

இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தாலும், எனக்கு மிச்சம் இருக்கிற நாலு பல்லும் இப்போதே உதிரட்டும். சத்தியம்!

தொலைந்துபோன குடைக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். தையற்காரர் ஒருவர் மனைவியோடு உள்ளே வந்தார். நெற்றியில் கட்டு, சட்டையெல்லாம் ரத்தம்.

அங்கே புகார் எழுதுகிற ரைட்டருக்குச் 'சிடுமூஞ்சி' என்று பட்டப்பெயர். அவர் முறைத்தால் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் ஓடும்.

"என்னய்யா?"

"நாலு பேர் கடைக்குள்ள பூந்து மெஷினை உடைச்சுட்டாங்க சார். என்னையும் அடிச்சாங்க."

"எதுக்கு?"

"நாங்க... வேற இனம்னு."

உள் அறையிலிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். "யோவ் ரைட்டர், குடிபோதைத் தகராறுன்னு போட்டு அனுப்பு! இன வெறுப்புக் கேஸ் மூணு வருஷமா நம்ம ஸ்டேஷன்ல ஒண்ணுகூட இல்ல. மேலிடத்துல பாராட்டுறாங்க. கெடுத்துடாதே!"

தையற்காரரின் மனைவி பதறினாள். "அவங்க குடிச்சிருக்கவே இல்லைங்க! அப்படி எழுதினா, பிடிச்சாலும் சாயங்காலமே வெளிய விட்டுடுவீங்க. வீட்டைக் கொளுத்துறதாச் சொல்லியிருக்காங்க. மூணு பிள்ளைங்க இருக்குதுங்க..."

"நீ சும்மா இரும்மா," என்று ரைட்டர் அதட்டிவிட்டுத் தையற்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், இப்படி என் எதிர்ல வந்து நில்லு. என்ன சொன்னாங்க?"

"அசிங்கமாத் திட்டினாங்க சார்."

"அந்த அசிங்கத்தைத்தான் கேக்கறேன்."

தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்.

"காலையில சாப்பிடலையா? சத்தமா!"

சொன்னார். அவருடைய இனத்தின் பெயரைச் சேர்த்து ஒரு வசை. அதை எழுத என் பேனாவுக்குத் துணிச்சல் இல்லை.

"சொன்னது யாரு?"

"மரக்கடைக்காரர் மகன் சார்."

"இன்னும் சத்தமா! யாரு, என்ன சொன்னான், எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லு!"

உள் அறையில் இன்ஸ்பெக்டர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மூன்றாவது தடவை தையற்காரர் அழுதுகொண்டே கத்தினார். "மரக்கடைக்காரர் மகன்தான் சொன்னான்! எங்க இனத்துல ஒருத்தரும் இந்தத் தெருவுல இருக்கக் கூடாதாம்! இருந்தா வீட்டோட கொளுத்துவானாம்!" வசையையும் விடவில்லை. கூரைமேல் இருந்த புறாக்கள் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டித்தான் உட்கார்ந்திருக்கும்.

மனைவி கொதித்துப்போனாள். "நீயெல்லாம் மனுஷனா? அவங்ககூட அதை ஒரு தடவைதான் சொன்னாங்க!"

ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'குடிபோதைத் தகராறு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, ரசீதைக் கிழித்து நீட்டினார். "கிளம்பு, கிளம்பு."

எனக்கே அந்த ஆளை நாலு அறை விடலாம் போல் இருந்தது. குடையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவர்கள் பின்னாலேயே வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் அவள் ரசீதைக் கசக்கப் போனாள். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. நின்று, கணவருக்குப் படித்துக் காட்டினாள்.

'மன்னிச்சுடும்மா. நான் எழுதற காகிதத்தை இன்ஸ்பெக்டர் கிழிச்சுடலாம். என் தலைக்கு மேல இருக்கற கேமரா பதியறது நேராத் தலைமை அலுவலகத்துக்குப் போகுது. அதை இங்க யாராலயும் அழிக்க முடியாது. இப்பவே அங்க போய், காலை பத்து நாற்பது பதிவைப் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. அந்தக் கேமராவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதான் கத்த வெச்சேன்.'

ஜெயிலுக்குப் போன அந்த நாலு பேரும் இன்னும் வீடு திரும்பவில்லை. காட்டிக் கொடுத்தது யார் என்று இன்ஸ்பெக்டர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள், சிடுமூஞ்சி பிள்ளைகுட்டிக்காரர்.