குளிர்நாட்டுப் புழு

"நீர் கம்பஸிலை என்னத்தைப் படிச்சனீர் பெற்றிசியா? புழுவுக்குப் பேர் வைக்கவோ?"

சல்லடையாக அரித்துப்போன ஸ்ரோபெரி இலையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார் நிறுவன அதிகாரி சரவணமுத்து. பெற்றிசியாதான் தோட்டத்துக்குப் பொறுப்பு. அவள் வீட்டில் முதன்முதல் பட்டம் வாங்கியவள். விடியற்காலையிலிருந்து நின்று கால் கடுத்தது.

"மருந்து அடிச்சனீரோ?"

"அடிச்சனான் சேர். அசையுதில்லை."

வலைக்கூடார வாசலில் ஊர்க்காரி மதலேனாக்கா வெறுங்குடத்தோடு நின்றாள். ஊருக்கிருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணற்றில் மோட்டரைப் பூட்டி இந்தச் செடிகளுக்கு இறைத்தார்கள். மத்தியானத்துக்குள் சேறு தெரியும். பிறகு பெண்கள் ஊற ஊறக் கோப்பையால் அள்ள வேண்டும். "கிணறு தாங்காது சேர்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பெற்றிசியா களைத்துவிட்டாள். "செடியைப் பாரும், கிணத்தை விடும்" என்பார் அவர். அடுத்த மாதம் இன்னும் பத்து வலைக்கூடாரம் போடுவதாக இருந்தார்.

"கழுதை வராது, குருவி வராதெண்டு நானே நிண்டு வலை அடிப்பிச்சனான். இந்த அந்துப்பூச்சி எதுக்குள்ளாலை வந்தது?"

"குருவி வராதபடியாத்தான் ஐயா புழு இந்தக் கொழுப்புக் கொழுத்திருக்கு" என்றாள் மதலேனாக்கா.

"நீங்கள் சும்மா இருங்கோ." புழுவொன்றை உள்ளங்கையில் உருட்டினார். "இது குளிர்நாட்டுச் சாமான். மன்னாரிலை வேறை ஸ்ரோபெரியும் இல்லை, தொத்துறதுக்கு."

பெருமூச்சு விட்டார்.

"சரி, இந்தத் திட்டம் இஞ்சை சரிவராது. மோட்டரைக் கழட்டச் சொல்லும். உம்மை நுவரெலியா ஸ்ரோபெரித் தோட்டத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பின காசும் வீண். நாளையிலையிருந்து நீர் வரத் தேவையில்லை."

"ஓம் சேர்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பெற்றிசியா கிணற்றுக்கட்டில் பொத்தென்று இருந்தாள். பின்னேரம் தண்ணீர் மெல்ல ஏறியது.

"எங்கடை தண்ணி திரும்பி வந்திட்டுது. உன்ரை வேலையெல்லோ போட்டுது பிள்ளை" என்றபடி மதலேனாக்கா, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தாள். மூடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதென்னடி, மூடி முழுக்க ஊசி ஓட்டை?"

பெற்றிசியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நுவரெலியாவிலையிருந்து பஸ்ஸிலை நெடுந்தூரம், அக்கா. வழியிலை புழுவளுக்கு மூச்சு முட்டக்கூடாதே."