தெருவில் பரப்பிய வைக்கோல்

இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்துக் கிராமம் அது. விடிந்ததும் வண்டிக்காரர் ஈலை தன் வீட்டெதிரே தெருவில் கிடந்த வைக்கோலை அள்ளத் தொடங்கினார். அவர் மனைவி தெர்ஸா ஒரு வாரமாகக் கடுங்காய்ச்சலில் கிடந்தாள். குதிரை வண்டிகளின் சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாதென்று ஊரார் கல் தெருவில் பரப்பிய வைக்கோல் அது. நோயாளியின் உயிர் இருக்கும்வரை அதை யாரும் அள்ளமாட்டார்கள்.

எதிர்வீட்டு லவ்டே பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ, ஈலை... கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"விடியறப்பதான் சொன்னா. அவ ஆசைப்படிதான் அள்ளுறேன்."

லவ்டே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்தாள். "கர்த்தர் அவளைத் தன்கிட்ட வச்சுக்கட்டும். என்னப்பா சொன்னா?"

"'சாயங்காலமானா உங்க வண்டிச் சத்தத்துக்குக் காத்துக் கிடக்கேன். ஒரு வாரமா அது கேக்கவே இல்ல. ஆத்தைக் கடக்கறப்ப வெள்ளத்தோட போயிட்டீங்களோன்னு நெஞ்சு அடிச்சுக்குது, எப்படித் தூங்குவேன்? வைக்கோலை அள்ளிட்டு, வண்டியைக் கடகடன்னு ஓட்டிட்டு வாங்க'ன்னா."

"அப்போ... தெர்ஸா?"

"காய்ச்சல் விட்டிருச்சு. கஞ்சி குடிக்கிறா. இன்னும் அள்ளி முடிக்கலையான்னு உள்ளேருந்து திட்டு வேற."

லவ்டே கண்ணீரோடு சிரித்து, அவர் கையிலிருந்த முள்வாரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பரப்புனவங்கள்ல நானும் ஒருத்திதானே, நானே அள்ளுறேன். நீ முதல்ல போய் தெருமுனையில நிக்கிற கொல்லர்கிட்ட சொல்லு. பாவம், சாவு வீடுன்னு நெனச்சுத் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கிறார்."