தாளம் தப்பும் இடம்

தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரல் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ். கோயில் பாடகர் குழுவை நடத்தி வந்த தார்சியுஸ், பாட்டே காதில் விழாத இடம் தேடி, மலைமேல் ஒரு பாதிரியார் நடத்திய ஜென் தியான இல்லத்துக்குக் கிளம்பினார். “சும்மா உட்கார்றதுக்கு மலை ஏறணுமா? நம்ம வீட்டுல நாற்காலி இல்லையா?” என்று சிரித்துக்கொண்டே கம்பளியை மடித்து வைத்த மனைவி பிலோமினா, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கே எல்லோரும் வெள்ளைச் சுவரைப் பார்த்து அமர்ந்து மூச்சைக் கவனித்தார்கள். யாருமே பேசாத இடத்தில் அவரும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார். அது ஆறுதலாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, அடிவாரத்துக் கேரல் குழு மேளத்தோடு வாசலுக்கே வந்துவிட்டது. அவர் வீடு வீடாகப் பாடிய அதே பாட்டு. அந்த வீடுகளின் சுக்குக் காப்பி மணம்கூட நினைவில் வந்தது. இரண்டாம் அடியில் தாளம் வேகமெடுத்து ஓடியது. எந்தக் குழுவும் ஓடுகிற இடம் அது. குடையால் தரையைத் தட்டி அவர் இழுத்து நிறுத்துவார். இப்போது விரல் தானாக முழங்காலைத் தட்டியது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

தியானத்தை நடத்திய பாதிரியார் எழுந்து வந்தார். தார்சியுஸ் பயந்து விரலை மடக்கிக்கொண்டார். தியானம் முடிந்ததை அறிவிக்கத் தட்டுகிற இரண்டு மரக்கட்டைகளைப் பாதிரியார் அவர் மடியில் வைத்தார்.

“ரொம்ப ஓடுறாங்கய்யா. போய்க் கொஞ்சம் புடிச்சு நிறுத்துங்க.”

தார்சியுஸ் கதவைத் திறந்ததும் பாட்டு நின்றது. “தொந்தரவு பண்ணிட்டோமா சார்?” என்றாள் முன்னால் நின்ற பெண்.

இல்லையென்று தலையசைத்த அவர், மூச்சை முழுதாக உள்ளே இழுத்து, கட்டைகளை உயர்த்தினார்.