பச்சைச் சட்டை

"கண்ணால பார்த்தேன்னு சொல்றவங்களை நம்பவே கூடாது டாக்டர். துப்பு துலங்காத பழைய கொலைக் கேஸா தேடித்தேடிப் படிச்சிட்டேன். பாதிக் கேஸைக் கெடுத்ததே சாட்சிங்கதான்."

காலை ஆட்டிக்கொண்டே சொன்னான் நிருபர். வயசு கம்மி, வாய் அதிகம்.

"எங்க மாமா அப்படிப்பட்டவர் இல்ல," என்றாள் கண் டாக்டர், சுருக்கென்று.

பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சொந்த மாமா இல்லை. அந்தக் காலத்தில் எதிர்வீட்டில் குடியிருந்த சைக்கிள் கடைக்காரர்.

டாக்டர் கைக்குழந்தையாக இருந்தபோது, அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். போலீஸ் முதலில் பிடித்தது டாக்டரின் அப்பாவைத்தான். "தள்ளிட்டு ஓடினவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், நான் பார்த்தேன்" என்று மாமா ஒருத்தர்தான் சாட்சி சொன்னார். அப்பா போட்டிருந்தது சிவப்பு. விட்டுவிட்டார்கள். பச்சைச் சட்டைக்காரன் இன்றுவரை அகப்படவில்லை.

அப்பாவும் போய், அம்மாவும் போன பிறகு இவன் வந்து அந்தக் கதையைக் கிளறுகிறான். சாட்சி பொய்யென்றால் அடுத்த வாரம் அப்பாவின் படத்தைப் போட்டு, "இவர்தான் கொலையாளியா?" என்று எழுதிவிடுவான்.

"உங்க முன்னாடியே டெஸ்ட் பண்றேன். பார்த்துட்டு எழுதுங்க."

மாமா எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார்.

"பார்த்தீங்களா?"

"எழுத்து சரி டாக்டர். கலரு?"

டாக்டர் வீம்பாகப் புள்ளிப் படப் புத்தகத்தை எடுத்தாள்.

"அதெல்லாம் எதுக்கு பாப்பா? தம்பிக்கு ஒரு டீ சொல்லு."

"சும்மா இருங்க மாமா. இந்தப் புள்ளிக்குள்ள என்ன நம்பர் தெரியுது?"

மாமா பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"புள்ளிதான் தெரியுது."

"இந்தப் பக்கத்துல?"

"இதுலயும் புள்ளிதான்."

சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண். பிறவியிலேயே அப்படி.

நிருபர் கால் ஆட்டுவதை நிறுத்தியிருந்தான்.

"பெரியவரே, சிக்னல்ல எப்படிப் போறீங்க?"

"மேல எரிஞ்சா நிப்பேன். கீழ எரிஞ்சா போவேன்."

"அப்ப, நீங்க பார்த்த பச்சைச் சட்டை சிவப்பாவும் இருந்திருக்கலாம். இல்லையா?"

அப்பாவின் பெயரைக் காப்பாற்றப் போய், தானே அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டோமே!

மாமா மெதுவாக நிமிர்ந்தார்.

"இருக்கலாம்தான் தம்பி. ஆனா கலரைப் பார்த்தது நான் இல்ல, என் வீட்டுக்காரி. பக்கத்துல நின்னு, 'பச்சைச் சட்டைக்காரன் ஓடுறான் பாருங்க'ன்னு கத்தினது அவதான். பொம்பளையைக் கோர்ட்டு வாசல்ல நிறுத்த வேணாம்னு, நானே பார்த்ததா சொல்லிட்டேன். அவளும் இப்ப இல்ல."

நிருபர் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"அந்தம்மா அன்னைக்கு வீட்டுலதான் இருந்தாங்களா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியும். அந்தக் கொலை நடந்த அன்றைக்குத்தான் வெளியூர் ஆஸ்பத்திரியில் அத்தைக்குப் பையன் பிறந்தான். அத்தையே நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் மாமாவைப் பார்த்தாள். மாமா புத்தகத்தை மூடி மேஜைமேல் வைத்தார்.

"இருந்தாங்க," என்றாள் டாக்டர். "அத்தைக்குக் கழுகுக் கண்ணு. ஒண்ணும் தப்பாது."

நிருபர் முகம் தொங்கிப்போனது. டீக்குக்கூடக் காத்திருக்காமல் கிளம்பினான்.

கதவு சாத்தியதும் டாக்டர் மாமாவின் எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அத்தை அன்னைக்கு ஊர்லயே இல்ல. உங்களுக்கோ கலர் தெரியாது. அப்புறம் பச்சைன்னு யாரு மாமா சொன்னா?"

மாமா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"வீட்டு ஓனர் மாடிப்படியில உங்கம்மா கையைப் பிடிச்சு இழுத்தான் பாப்பா. உங்கப்பா ஓடி வந்து தள்ளிவிட்டாரு. அவ்வளவுதான். அந்த நாய்க்காக அவர் ஜெயிலுக்குப் போகணுமா? வேற கலர் சட்டைன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். ஆனா இந்தப் பாழாப்போன கண்ணுக்கு, அவர் போட்டிருக்கிறது என்ன கலருன்னே தெரியல. உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு நடுங்கிட்டு நின்ன உங்கம்மாகிட்டதான் கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'சிவப்பு. நீங்க பச்சைன்னு சொல்லிடுங்கண்ணா'ன்னு சொல்லுச்சு."