கத்தியே வெச்சுடுங்க

"கத்தியே வெச்சுடுங்க. எனக்கு இந்த ஊசி வேலையில எல்லாம் நம்பிக்கை இல்லை."

மேஜையில் படுத்திருந்தவர் மூன்றாவது முறையாகச் சொன்னார். நர்சுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முகக்கவசம் போட்டிருந்ததால் பிழைத்தாள். கத்தி என்றாலே அலறுகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். கத்திதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். இந்த ஆஸ்பத்திரியில் அவள் சேர்ந்தே இரண்டு நாள்தான் ஆகிறது.

ஆறு மாதத்துக்கு முன்பு மனுஷர் வழுக்கி விழுந்து, வலது உள்ளங்கையை ஊன்றியிருக்கிறார். அடிபட்ட ரத்தக்குழாய் பலவீனமாகி, சுண்டுவிரலுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்குப் புடைத்திருந்தது. தொட்டால் துடித்தது.

வெளியே போவதற்கு முன் அவர் மனைவி நர்சின் அருகே வந்தார்.

"அவர் பேச்சைக் காதுல வாங்காதீங்க சிஸ்டர். நான்தான் விடாப்பிடியா இழுத்துட்டு வந்தேன். விரல் நூலளவு பிசகினாலும் கெட்டுப்போற வேலை அவருக்கு. அந்தக் கை போச்சுன்னா மனுஷர் உடைஞ்சே போயிடுவார்."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நகை வேலை செய்கிறவர் போலிருக்கிறது என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா முழங்கை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். திரையில் பார்த்துப் பார்த்து அதை உள்ளங்கை வரை நகர்த்தினார். புடைப்பைக் கம்பிச் சுருளால் அடைப்பதுதான் வேலை.

"சுருள் நழுவி விரலுக்குப் போயிட்டா?"

"அளவு பார்த்துத்தான் வைக்கிறேன் சார்."

"விரலுக்கு ரத்தம்?"

"கட்டைவிரல் பக்கத்துக் குழாய் தாராளமா கொடுக்குது. நேத்தே சோதிச்சுட்டோம்."

"கிழிச்சுப் பார்த்தாத்தானே எதுவும் தெரியும்?"

நர்சுக்குப் பொறுக்கவில்லை.

"சார், செல்போன்ல நாலு வரி படிச்சுட்டு வந்து டாக்டருக்கே பாடம் எடுக்காதீங்க. கொஞ்சம் வாயை மூடிட்டுப் படுங்க."

டாக்டரம்மாவுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது. படுத்திருந்தவரோ கப்சிப்பென்று அடங்கிப்போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"முடிஞ்சது சார்."

"என்னது, முடிஞ்சதா? நீ ஆரம்பிக்கவே இல்லைன்னுல்ல நினைச்சேன்."

இடது கையால் உள்ளங்கையைத் தடவினார். துடிப்பு இல்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார். ஐந்தும் சொன்னபடி கேட்டன. முழங்கையில் ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வந்த மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், "இனிமேலாவது என் பேச்சைக் கேளுங்க" என்று அதட்டவும் செய்தார்.

நர்சுக்கும் மனம் நிறைந்துவிட்டது. கடிந்து பேசியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் போனாள்.

அதற்குள் அவர், "மூணாவது மாடிக்குப் போன் போடு" என்றார். மனைவி போனை அவர் காதில் வைத்தார்.

"ஆபரேஷன் தியேட்டரா? நான்தான்மா பேசறேன். இதே கட்டியோட வந்த ஒரு தச்சருக்கு அடுத்த மாசம் நான் உள்ளங்கையைக் கிழிக்கிறதா இருந்தேனே, அதை ரத்து பண்ணிட்டு அவரைக் கீழே நம்ம டாக்டரம்மாகிட்ட அனுப்பிடு."