கறுப்புக் கண்ணாடி

காண்டிராக்டர் பட்டறையில் மூன்று பேருக்கு ஒரே கறுப்புக் கண்ணாடி. அது சவரிமுத்துவின் கைக்கு வந்ததே இல்லை. பன்னிரண்டு வருடம் அவன் நெருப்பு பற்றும் இடத்தை மட்டும் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டு, உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு, ராடு பொரியும் சத்தத்தை வைத்தே வெல்டிங் கற்றுக்கொண்டான். தொழிலாளர் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த அன்று அவனுக்கென்றே ஒரு முகமூடி கொடுத்தார்கள். புதுத் துணியை முகர்வதுபோல முகர்ந்துவிட்டு மாட்டிக்கொண்டான். நெருப்பு பற்றியதும் பழக்கத்தில் கண் மூடியது, தலை சாய்ந்தது. வெல்டு நூல் பிடித்தாற்போல் ஓடியது.

“அண்ணே, எதுக்குக் காதைக் குடுக்கீங்க?” என்றாள் பயிற்சி தரும் இன்பவல்லி. “கண்ணத் தொறந்து நெருப்பப் பாருங்க. இங்க அதான் மொதப் பாடம்.”

திறந்தான். ஓரங்களில் வெளிச்சம் துடித்தது. நெருப்பு இருக்க வேண்டிய நடுவில் ஒன்றுமே இல்லை.

“கண்ணாடி ரொம்பக் கறுப்பா இருக்கும்மா. வேற குடு.”

வேறொன்று கொடுத்தாள். அதற்கும் அப்படியே சொன்னான். காலையிலிருந்து தான் போட்டிருந்ததையே கழற்றிக் கொடுத்தாள். அதிலும் நடுவில் அதே கறுப்பு.

“இப்பத் தெரியுதாண்ணே?”

“நல்லாத் தெரியுதும்மா.”

முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டான். இந்த முறை தலையை மட்டும் சாய்க்கவில்லை.