சிறுத்தையின் கையெழுத்து

அந்தக் காட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. காலடித் தடம்தான் அங்கே கையெழுத்து. சிறுத்தையின் தடம் பதிந்த களிமண் ஓடு வாசலில் இருந்தால் எந்த நரியும் வளையை நெருங்காது என்று முயல்கள் நம்பின.

நரி அதையே தொழிலாக்கிக்கொண்டது. தானே செய்த தடங்களைச் சிறுத்தையுடையவை என்று சொல்லிக் கிளி மூலம் ஏலம் விட்டது. கிளி மர உச்சியிலிருந்து கூவும். முயல்கள் பொருளைப் பார்க்காமலே, வளைக்குள் இருந்தபடி விலை கேட்கும். குட்டி போட்டிருந்த ஒரு முயல், மழைக்காலத்துக்குச் சேர்த்த கிழங்கையெல்லாம் கொடுத்து ஒன்றை வாங்கியது.

ஒருநாள் வயிறு நிறைந்த சிறுத்தை அந்தப் பக்கமாக வந்தது. அந்த முயலின் வாசலில் இருந்த ஓட்டில் நகங்கள் ஆழமாகக் கீறியிருந்தன.

"இது யாருடையது?"

"உங்களுடையதுதான், அம்மா," என்றது முயல்.

"நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதானே நடப்பேன்? சும்மா நடப்பதற்கு எனக்கு நகம் எதற்கு?"

சிறுத்தை பக்கத்து ஈரமண்ணில் ஒருமுறை காலை வைத்து எடுத்துவிட்டுப் போனது. ஒரு பூ விழுந்த அளவுக்குத்தான் பதிந்திருந்தது. இதைப் பார்த்து யார் பயப்படப்போகிறார்கள் என்று முயலுக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் நரி வந்தது. தான் செய்த ஓட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மிதித்து உடைத்தது. அடுத்த அடி வைக்கப்போன இடத்தில் அந்த மெல்லிய தடம் இருந்தது.

தூக்கிய கால் அப்படியே நின்றது. அந்த மென்மையைக் கொண்டுவர எவ்வளவோ பாடுபட்டும் முடியாமல்தான் நரி தன் ஓடுகளில் நகக் கீறல்களைச் சேர்த்திருந்தது.

தடம் கலையாதபடி, வந்த வழியே அது பின்னோக்கி நடந்து போனது.